மாச ஊசி

மாசியில் நடுவப்பட்டிக் கரிசலில் பருத்தி வெடித்துவிட்டால் பகலில் ஊருக்குள் ஆள் இருக்காது. விடிந்தும் விடியாமலும் கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, பெண்கள் சேலையில் மடி கட்டிக்கொண்டு புஞ்சைக்கு இறங்கிவிடுவார்கள். பனியின் ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த இலை நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரும். வியாபாரி அதை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான்.

கருத்தப்பாண்டி அந்த வருஷம் தனக்கென்று ஒரு நிரை பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆம்பளை பருத்தி எடுப்பது அந்தப் பக்கம் வழக்கமில்லை. ஆடுகளை ஓடைப் பக்கம் விட்டுவிட்டு வந்து, தலையில் முண்டாசோடு பெண்களுக்கு நடுவே அவர் குனிந்து எடுப்பதை யாராவது கேலி செய்தால், "எம் புஞ்சைதான? ஒனக்கென்னளா நோவுது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்து நிரையிலிருக்கும் அவர் மனைவி வள்ளித்தாய்க்கு வயிறு குளிரும்.

சில வருஷங்களுக்கு முன்னால், இதே புஞ்சையில் காய் பிடித்து நின்ற செடிகளை அவர் வேரோடு பிடுங்கி வரப்பில் அடுக்கியிருந்தார். செடிக்குச் செடி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றார். கிணற்றுக்குள்ளிருந்து ஆள் கூப்பிடுகிறது என்றார். மனைவி சோற்றில் விஷம் வைத்திருக்கிறாள் என்று தட்டைத் தள்ளிவிட்டு, ஆட்டுக்குப் போட்ட குழையைத் தின்றார். வள்ளித்தாயின் அண்ணன் நல்லக்கண்ணு வந்து கையையும் காலையும் கட்டி வண்டியில் போட்டுச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோனார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போவதாகத்தான் ஊருக்குச் சொன்னார்கள். அங்கே அம்மன் சன்னதிக்கு எதிரே, பிராகாரத்தில், சித்தம் கலங்கியவர்கள் பலபேர் தங்கள் தங்கள் வீட்டாரோடு கிடந்தார்கள். வள்ளித்தாயும் புருஷனோடு கிடந்தாள். நாகசுனைத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசினாள். ஒரு மண்டலம் அப்படிப் போனது.

கோயில் வாசலில் பூக்கட்டும் நெல்லையம்மாள்தான் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "பெரியாஸ்பத்திரிக்குத் திருநவேலியிலேருந்து ஒரு டாக்டரு மாசம் ஒருக்கா ஜீப்புல வாராராம். இந்தச் சீக்குக்குன்னே வாராராம். அம்மனையும் கும்பிடு தாயி, அவரையும் போயிப் பாரு."

அந்த டாக்டர் பெயர் கைலாசம். சர்க்கார் கொஞ்ச வருஷத்துக்கென்று பணம் ஒதுக்கி, சோதனையாக ஆரம்பித்திருந்த ஏற்பாடு அது. மாசம் ஒரு ஊசி. கை கால் விறைக்காமல் இருக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. இரண்டு மூன்று ஊசிக்குப் பிறகு கிணறு கருத்தப்பாண்டியைக் கூப்பிடுவதை நிறுத்தியது. ஒரு வருஷத்தில் ஆடுகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்கு ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சர்க்கரை வியாதி என்று சொல்லிவைத்தாள் வள்ளித்தாய். ஊரும் நம்பியது, அல்லது நம்பிய மாதிரி இருந்தது.

இப்போது மகள் ஆவுடைத்தாய்க்குப் பனவடலிசத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் பெருமாள்சாமி பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன், குணமானவன். பையனின் அப்பா சண்முகையா அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பேர் சொன்னால் தெரிகிற மனுஷர். ரோடு வேண்டும், பஸ் வேண்டும் என்று நாலு ஊருக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவர். பருத்தி எடுத்து முடிந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேசியிருந்தார்கள்.

தை மாத ஊசிக்குப் போனபோதுதான் டாக்டர் கைலாசம் அந்தச் செய்தியைச் சொன்னார். ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார் அவர். பக்கத்தில் பிரசவ வார்டு. பிள்ளைகள் அழும் சத்தத்துக்கு நடுவே, தாழ்ந்த குரலில் ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசுவார். அன்றைக்கு ஊசி போட்டு முடித்த பிறகும் யாரையும் போகவிடவில்லை.

"அடுத்த மாசம் நான் வார அன்னைக்கு சென்னையிலேருந்து ஒரு அதிகாரி வாராரு. இந்த ஏற்பாட்டுக்கு ஒதுக்குன பணம் மாசியோட முடியுது. இதையே நீட்டிக்கணுமா, இல்ல ஜீப்பையும் பணத்தையும் கண் டாக்டருக்கு விட்டுரலாமான்னு கேட்டு முடிவு பண்ணப் போறாரு. ஊர்ப் பெரிய மனுசங்களையும் கூப்பிட்டிருக்காங்க. நான் சொன்னா, டாக்டரு தன் வேலைக்காகப் பேசுதாருன்னு நெனைப்பாங்க. நீங்க முன்னால வந்து சொல்லணும்."

ஒருத்தி சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒருவர் கூரையைப் பார்த்தார்.

"நான் சொல்லுதேன் சார்" என்றாள் அலிமா பீவி. பள்ளிவாசல் தெருவில் ஆப்பம் சுட்டு விற்பவள். மகனைக் கூட்டி வருவாள். "எனக்கு என்ன மறைப்பு இருக்கு? இவன் பொட்டல்புதூர் தர்காவுல சங்கிலியோட கெடந்ததையும் சனம் பாத்துச்சு. இப்ப தறியில உக்காந்து நெய்யுததையும் பாக்குது. அல்லா அறியச் சொல்லுதேன், இந்த ஊசி நின்னா எம் பிள்ள நின்னான்."

"சந்தோசம்மா. ஆனா ஒரு ஆள் சொன்னாப் போதாதே."

டாக்டர் வள்ளித்தாயைப் பார்த்தார். அவள் புருஷனின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாசி மாதம் அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம், சோளச்சோற்றை வடித்து இறக்கிவிட்டுக் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே வள்ளித்தாய் மகளிடம் சொன்னாள்.

"ஏட்டி, நாளைக்கு ஊசிக்குப் போகவேண்டாம். ஒரு மாசம் விட்டா ஒண்ணும் ஆயிராது."

"ஆகுமே! போன ஐப்பசியில மழையில பஸ் வராம விட்டமே, தூங்காம வாசல்ல நடந்தாரே, மறந்துட்டியாம்மா?"

"அந்த மீட்டிங்கிக்கு நாலு ஊரு ஆளும் வருவாகட்டி. பனவடலியிலேருந்து யாரும் வந்து நின்னாகன்னா?"

"நாம பாட்டுக்குப் பின்னால உக்காந்து ஊசியப் போட்டுட்டு வந்துருவோம்."

"நாளைக்கு எடுப்புக்கு ஆள் சொல்லியிருக்கு. நான் எங்கன வர?"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

வள்ளித்தாய் அகப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். பத்தொன்பது வயசுக்கு ஆவுடைத்தாய் அதிகம் பேசாதவள். அப்பனைப் போலவே நீண்ட கை கால். அப்பனுக்குச் சீக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள், பிறகு போகவில்லை.

"போ. ஆனா வாயத் தெறக்கக் கூடாது. யாரு என்ன கேட்டாலும் சர்க்கரை வியாதின்னு சொல்லு. தூணு மறைவுல உக்காரு. கேட்டியா?"

ஆடுகளை அடைத்துவிட்டு வந்த கருத்தப்பாண்டி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, தட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"சோறு போடுளா" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைத்தெருக்காரர்கள், தறிக்காரர்கள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேட்டி சட்டையோடு வந்தவர்கள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. அதிகாரி வயதானவர், முகத்தில் களைப்பு தெரிந்தது. ராத்திரி ரயிலில் வந்தவர் போலிருந்தார். ஆனால் ஒவ்வொருவர் சொல்வதையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். டாக்டர் கைலாசம் வராந்தா விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். ஊசிக்கு வந்தவர்கள் அவருக்குப் பின்னால், தூண்களுக்குப் பின்னால், ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கருத்தப்பாண்டி முண்டாசை நெற்றிக்கு இறக்கிவிட்டிருந்தார். ஆவுடைத்தாய் அவரை ஒட்டிக் குத்தவைத்திருந்தாள்.

அப்போதுதான் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். ஆவுடைத்தாய் தூணுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தபோது அவள் கையால் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்த சண்முகையா.

"அய்யா, நான் பனவடலிசத்திரம் பக்கத்துலேருந்து வாரேன். எங்க ஊருகள்ல கண்ணு தெரியாத கெழடுகட்டைகளுக்குக் கணக்கில்ல. எங்க மாமியாரு வீட்டுக்குள்ளயே செவுத்தத் தடவித்தான் நடக்காக. பேரப்பிள்ளை மொகத்த இன்னும் பாக்கல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போக ஏலாது, காடு கரையப் போட்டுட்டு யாரு போக? மாசம் ஒருக்கா ஒரு கண் டாக்டரு இங்கன வந்தா நூறு வீட்டுல வெளிச்சம் வரும்."

கூட்டம் தலையாட்டியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

"இப்ப வாராரே இந்த டாக்டரு, நல்லவருதான். நான் குறை சொல்லல. ஆனா அவரப் பாக்க எத்தன பேரு வாராக? நாலஞ்சு பேரு. அதுக்கு ஒரு ஜீப்பு, ஒரு டாக்டரு, மருந்து. புத்தி பெசகுனவனுக்குக் கோயில் இருக்கு, தர்கா இருக்கு. கண்ணு போனவனுக்கு என்ன இருக்கு?"

அதிகாரி டாக்டரைப் பார்த்தார். "இவர் கேட்பது நியாயமாகத்தானே இருக்கிறது, டாக்டர்? உங்களிடம் வைத்தியம் பார்ப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லட்டும்."

அலிமா பீவி மகனை இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அவன் நெய்த சேலையைக்கூடக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். அவள் முடித்ததும் அதிகாரி காத்திருந்தார். வேப்பமரத்தில் காக்கை கத்தியது.

"ஒருவர்தானா?"

தூண்களுக்குப் பின்னால் யாரும் அசையவில்லை. அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். கைலாசம் தரையைப் பார்த்தார்.

ஆவுடைத்தாய் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"எங்கய்யா இருக்காக" என்றாள், அப்பனைக் கை காட்டி. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "இன்னா, எங்கய்யா இங்கன இருக்காக. நடுவப்பட்டி. நாங்களும் மாசாமாசம் வாரோம்."

கூட்டம் முழுக்கத் திரும்பியது.

"காய் பிடிச்சு நின்ன பருத்தியப் பிடுங்கிப் போட்டாக. எங்கம்மா கையால சோறு திங்கமாட்டாக. கட்டித்தான் வண்டியில கொண்டுவந்தோம். இப்ப அதே புஞ்சையில அவுகதான் பருத்தி எடுக்காக. ஆடு மேய்க்காக. கண் டாக்டரும் வரணும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா நாலு பேருதான் வாரோம்னு சொல்லுதியளே, இன்னா இந்தத் தூணுக்குப் பின்னால இருக்கவுகளே வெளிய வர மாட்டேங்காக. வீட்டுக்குள்ள கெடக்கவுக எப்படி வருவாக?"

அப்போது கருத்தப்பாண்டி எழுந்தார். முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் சண்முகையாவைத் தேடிப் பார்த்து, கை கூப்பினார்.

"வாங்க சம்மந்தி. வீட்டுல எல்லாரும் சொகமா?"

சண்முகையா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். பிறகு அவரும் கை கூப்பினார். "சொகம்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்து, எல்லாருக்கும் ஊசி போட்ட பிறகு, சண்முகையா வராந்தாப் பக்கம் வந்தார். ஆவுடைத்தாய் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. வீட்டுல போயித்தான்."

"வெயிலாருக்கு. பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்துப் பனவடலியிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார். "சண்முகையா உங்களக் குத்தம் சொல்லல. பொண்ணையும் குத்தம் சொல்லல. பையனுக்கும் மனசு இல்லாம இல்ல. ஆனா நாளைக்குப் பொறக்குத பிள்ளைய நெனச்சுப் பயப்படுதாக. மனசுல வச்சுக்கிடாதிய." தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

வள்ளித்தாய் மகளை அறைந்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "ஒன்னய வாயத் தெறக்காதன்னுதானட்டி சொன்னேன்! எவளும் சொல்லல, நீ என்னத்துக்குச் சொன்ன? இனி எவன் வருவான் இந்த வாசலுக்கு?"

"சொல்லாம இருந்தா ஊசி நின்னுருக்கும்மா."

"நிக்கட்டுமே! ஒன்னய ஒரு வீட்டுல சேத்த பொறவு நின்னா என்ன?"

அன்றிலிருந்து அவள் மகளிடம் நேராகப் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆட்டைப் பார்த்தோ பானையைப் பார்த்தோ சொன்னாள். ஊரிலும் பேச்சு மாறியது. எடுப்புக்கு வரும் பெண்கள் கருத்தப்பாண்டியின் நிரைக்குப் பக்கத்து நிரையை விட்டுத் தள்ளிப் பிடித்தார்கள். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பங்குனியில் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் விசாரித்தது. விசாரித்ததோடு நின்றது.

சர்க்காரிலிருந்து பதிலும் வந்தது. பணம் இவ்வளவுதான், அதற்குள் இரண்டையும் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாசம் கண் டாக்டர், மறுமாசம் கைலாசம். பங்குனியில் கண் டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரி வாசல் கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டார்கள். பங்குனி ஊசி இல்லாமல் கழிந்தது.

சித்திரை பிறந்த வாரத்தில், ஒரு விடிகாலை ஆடுகள் தொழுவத்தில் கத்திக்கொண்டே இருந்தன. கருத்தப்பாண்டியைக் காணவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். ஓடை, கண்மாய், நல்லக்கண்ணு வீடு, எங்கும் இல்லை. மூன்றாம் நாள் பூக்கட்டும் நெல்லையம்மாள் பஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டிருந்தாள்: ஆளு கோயில்லதான் இருக்காரு.

ஆவுடைத்தாய் முதல் பஸ்ஸுக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் கைலாசம் வருகிற நாள்.

அம்மன் சன்னதிக்கு எதிரே, முன்பு கிடந்த அதே பிராகாரத்தில், அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஆனால் வேட்டி துவைத்துக் கட்டியதாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிழவி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தன் பங்குப் புளியோதரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யய்யா."

"வந்துட்டியா மக்கா?" என்றார், ஏதோ சந்தைக்குப் போன இடத்தில் பார்த்துக்கொண்டதைப் போல.

"என்னத்துக்குய்யா இங்கன வந்து கெடக்கிய? அங்க அம்மா சோறு திங்காம இருக்கா."

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. யோசிச்சுத்தான் வந்தேன். நான் வீட்டுல இருந்தா, புத்தி பெசகுனவன் வீடும்பாக. நான் இங்கனயே கெடந்துட்டேன்னு வையி, அந்த ஆளு கோயிலோட போயிட்டான், வீட்டுல தாயும் மகளுந்தான்னு சொல்லுவாக. கொஞ்ச நாள்ல மறந்துருவாக. ஒனக்கு ஒரு வழி பொறக்கும்."

ஆவுடைத்தாய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். கல் தரை குளிர்ச்சியாக இருந்தது. சன்னதியில் மணி அடித்தது. கிழவி நிமிர்ந்து கும்பிட்டாள்.

"எனக்கு வழிய நான் பாத்துக்கிடுதேன். இன்னைக்கு டாக்டரு வந்திருக்காரு. எந்திங்க."

"வேண்டாம்."

"யய்யா, நேராச் சொல்லுங்க. திரும்பப் பேச்சு கேக்கா?"

அவர் விரல்கள் வேட்டியின் ஓரத்தை முறுக்கின. "லேசாக் கேக்கு" என்றார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. மேளம் அடிக்கு. ஒன் கல்யாணத்து மேளம். எங்கனயோ தூரத்துல அடிச்சுக்கிட்டே இருக்கு மக்கா. அது பொய்யின்னு தெரியுது. ஆனா கேக்க நல்லா இருக்கு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, பிறகு பிடித்ததில்லை. காய்ப்பு ஏறிய கை. "இப்ப நல்லாத்தான் இருக்கும்யா. பொறவு அது கிணத்துக்குள்ளேருந்து கூப்பிடும். அப்ப நான் எங்கன வந்து தேட?" என்றாள்.

அவர் எழுந்தார். மிச்சப் புளியோதரையைக் கிழவியின் இலையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் திரும்பியபோது இருவரும் நின்றுவிட்டார்கள். வராந்தா நிறைந்து, படி நிறைந்து, வேப்பமரத்தடி வரை ஆட்கள். முழுக்க முழுக்கத் தெரியாத முகங்கள். தலையை மழித்த பெண்கள், தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்ட வாலிபன், இரண்டு பக்கமும் அண்ணன் தம்பி பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி. எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். அலிமா பீவி ஒவ்வொருவரையும் ஒழுங்காக உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கன பாரு தாயி! ஒரு பிள்ள எந்திரிச்சுச் சொல்லிச்சாமேன்னு கேட்டுக்கிட்டே வாராக எல்லாரும்" என்றாள் ஆவுடைத்தாயிடம்.

அந்தக் கூட்டத்துக்குள் வள்ளித்தாயும் நின்றாள். மகளுக்கு அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். புருஷனைப் பார்த்ததும் முகம் உடைந்து, ஓடி வந்தாள். ஆனால் பாதியில் நின்றாள். மரத்தடியில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வள்ளித்தாய் குனிந்து பார்த்தாள்.

"கோமதியம்மாக்கா?"

நடுவப்பட்டியில் இவர்கள் வீட்டுக்குப் பின்தெரு கோமதியம்மாள். அவள் மகன் பம்பாயில் வேலை பார்ப்பதாகத்தான் ஊருக்கெல்லாம் தெரியும். அந்த மகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வெயில் படாமல் வெளுத்துப்போன முகம். மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு, பழையதும் புதியதுமாக.

"பம்பாய் போகவே இல்ல தாயி" என்றாள் கோமதியம்மாள் முந்தானைக்குள்ளிருந்து. "உள் அறையிலதான் இருந்தான். இத்தன வருசமும்."

வள்ளித்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இவர்கள் முறை வரும் முன்னால் ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. கைலாசம் காலிப் பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இவ்வளவு பேரு வருவாங்கன்னு சொல்லித்தான் கேட்டேன். பழைய கணக்குக்குத்தான் குடுத்தாங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு கருத்தப்பாண்டியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, அடுத்த தடவை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. இன்னைக்கே வந்துருங்க. நான் அங்க இருப்பேன்." கோமதியம்மாளின் மகனைக் காட்டிச் சொன்னார். "இவரையும்."

கோமதியம்மாள் முந்தானையை இன்னும் இழுத்துக்கொண்டாள். "பஸ்ஸுலயா? தெரிஞ்ச ஆளுக இருப்பாகளே..."

"இருக்கட்டும்க்கா" என்றாள் வள்ளித்தாய். எழுந்து சேலையை உதறிச் செருகினாள். மகளைப் பார்த்தாள். இரண்டு மாசமாகப் பார்க்காத கண்ணால் நேராகப் பார்த்தாள். "ஏட்டி, நீ வீட்டுக்குப் போ. ஆடுக தண்ணி இல்லாம அடைஞ்சு கெடக்கும். ஒங்கய்யாவ நான் கூட்டிட்டுப் போறேன்." கொஞ்சம் நின்று, "ஒறியில தயிர் இருக்கு. மொதல்ல நீ சாப்பிடு" என்றாள்.

திருநெல்வேலி பஸ்ஸில் மத்தியான வெக்கை. கூட்டத்தில் இவர்களுக்கு இரண்டு சீட்டுக் கிடைத்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். கருத்தப்பாண்டி கம்பியை இறுகப் பிடித்திருந்தார். பஸ்ஸின் பேச்செல்லாம் தன்னைப் பற்றியதாக இருக்குமோ என்று காது விறைத்தது. பக்கத்தில் கோமதியம்மாளின் மகன் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. காற்று முகத்தில் அடிப்பதை வாயைத் திறந்து வாங்கினான். ஒவ்வொரு ஊர் வரும்போதும், "மாமா, இது என்ன ஊரு?" என்று கேட்டான். கேட்கக் கேட்கக் கருத்தப்பாண்டி சொல்லிக்கொண்டு வந்தார். சொல்ல ஆரம்பித்ததில் கம்பியைப் பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தது.

ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. டீக்கடை, புளியமரம், மரத்தடியில் ஆட்கள்.

"இது மாமா?"

முன்சீட்டில் வள்ளித்தாயின் முதுகு நிமிர்வதைக் கருத்தப்பாண்டி பார்த்தார்.

"பனவடலிசத்திரம்" என்றார். "நல்ல ஊரு. கெணத்துத் தண்ணி இனிப்பா இருக்கும்."

வள்ளித்தாய் முந்தானையைத் தலைக்கு இழுக்கவில்லை. ஜன்னல் வழியே அந்த ஊர்க்காரர்களை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பஸ் கிளம்புகிற வரைக்கும்.